அதிபர் அபூசாலிக்கு இடமாற்றம்

கல்முனைக்குடியில் சைக்கிள் திருத்துகிற அபூசாலி எப்படி ஒரு பாடசாலைக்கு அதிபரானான் என்று விசாரித்தால், குற்றம் முழுவதும் ஒரு காகத்தின் தலையில்தான் போய் விழும். அபூசாலி படித்தது மூன்றாம் வகுப்புவரை. அந்த மூன்றாம் வகுப்பை மூன்று தரம் படித்தான் என்பது வேறு விசயம். இப்படிப்பட்ட ஒருவனை அதிபராக்குவதற்குக் கல்வித் திணைக்களம் எவ்வளவு பாடுபட்டிருக்கும் என்று நினைத்தால் நமக்கே இரக்கமாக இருக்கும்.

ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தொன்பதாம் ஆண்டு அது. அதற்கு முந்திய கார்த்திகையில் அடித்த சூறாவளி அபூசாலியின் மகள் கமீலா படித்த பள்ளிக்கூடத்தின் கூரையைக் கொண்டுபோய்விட்டது. கூரை வரும் வரும் என்று பிள்ளைகள் வானத்தைப் பார்த்துக்கொண்டே படித்தார்கள். ஒருநாள் இரண்டாம் வகுப்பு டீச்சர், "காகம் கறுப்பு நிறம், எழுதுங்க" என்றார். எட்டு வயதுக் கமீலா அண்ணாந்து பார்த்தாள். ஓடில்லாத வளைமரத்தில் ஐந்து காகங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"டீச்சர், காகத்திட கழுத்து சாம்பல் நிறம்" என்றாள்.

டீச்சர் மேலே பார்க்கவில்லை. புத்தகத்தைப் பார்த்தார். புத்தகத்தில் காகம் உச்சி முதல் கால்வரை கறுப்பாகவே இருந்தது. ஆகவே கமீலாவை வெளியே வெயிலில் முழங்காலில் இருத்தினார். கூரையில்லாததால் உள்ளேயும் அதே வெயில்தான். ஆனாலும் தண்டனைக்கென்று ஓர் ஒழுங்கு வேண்டும் அல்லவா?

மறுநாள் கமீலா எழும்பி, "வாப்பா, நான் இனிப் பள்ளிக்கூடம் போகல்ல" என்று சொல்லிவிட்டாள். உம்மா நஸீறா சத்தம் போட்டுப் பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், முருங்கைக் கம்பைக்கூட முறித்தாள். பிள்ளை அசையவில்லை. அபூசாலிக்கு மகளை அடித்துப் பழக்கமில்லை. "ரெண்டு நாளைக்கு இரிக்கட்டும்" என்றான். இரண்டு நாள் ஆறு மாதமாயிற்று.

அந்த ஆறு மாதமும் கமீலாவுக்கு ஒருவரும் ஒன்றும் படிப்பிக்கவில்லை. அவளாகவே படித்தாள். வீட்டு முன்பக்கத்துக் கடையில் உட்கார்ந்து சைக்கிள் பெயரிங் குண்டுகளைக் கூட்டினாள், கழித்தாள், பெடலுக்கு இத்தனை என்று பிரித்தாள். வால்வு சுற்றி வந்த பத்திரிகைத் துண்டுகளை எழுத்துக்கூட்டி வாசித்தாள். கரைவலை இழுக்கிற நாளென்றால் விடியவே கடற்கரைக்கு ஓடினாள். மழை நாளென்றால் எட்டு மணிவரை தூங்கினாள். பசித்தால் சாப்பிட்டாள். கேள்வி மட்டும் எந்நேரமும் கேட்டாள்.

ஒருநாள் கையெல்லாம் கிறீசோடு வந்து நின்றாள்.

"வாப்பா, முன் சில்லுக்கு முப்பத்திரண்டு கம்பி. பின் சில்லுக்கு நாப்பது கம்பி. எல்லாச் சைக்கிளிலயும் எண்ணிப் பாத்துட்டன். ஏன் வாப்பா?"

அபூசாலி பதினெட்டு வருடமாகச் சில்லுக்குக் கம்பி போடுகிறவன். இந்தக் கேள்வி அவனுக்கு ஒருநாளும் வந்ததில்லை. "அது அப்பிடித்தான் மகள் வாற" என்றான். சொல்லி முடித்தபோது வெட்கமாக இருந்தது.

"சரி, நான் கண்டுபுடிக்கிறன்" என்றாள் கமீலா.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் கடலோர வட்டாரக் கல்வி அதிகாரி ஷரிபுதீன் வந்து இறங்கினார். அவருடைய ஜீப்பின்மேல் சூறாவளியில் தென்னை விழுந்திருந்தது. அதனால் சைக்கிளில் வந்தார். பின் கரியரில் அவருடைய எழுதுவினைஞர் கச்சிமுகம்மது உட்கார்ந்திருந்தார். கச்சிமுகம்மதுவின் மடியில் காரியாலயத்து பைல்கள் எல்லாம் இருந்தன. எந்த பைல் எப்போது தேவைப்படும் என்று தெரியாததால் எல்லாவற்றையும் கொண்டு திரிவது அவர்களுடைய வழக்கம்.

"அபூசாலி, நீர் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாமல் வைத்திருக்கிறீர். இது பாரதூரமான குற்றம்" என்று தொடங்கினார் அதிகாரி. அபூசாலி கிறீஸ் கையோடு எழும்பி நின்றான். நஸீறா கதவுக்குப் பின்னால் நின்று அல்லாஹ்வைக் கூப்பிட்டாள். கமீலா மட்டும் அவருடைய சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"சேர், உங்கட சைக்கிளுக்கும் முப்பத்திரண்டும் நாப்பதும்தான். ஏன் சேர்?"

அதிகாரிக்கு வேறு ஒரு கவலை இருந்தது. அந்த ஆண்டு சிறுவர் ஆண்டு. கொழும்பிலிருந்து ஐந்தாவது நினைவூட்டல் வந்திருந்தது: "குழந்தை தன் விருப்பப்படி கற்றல், நெகிழ்வான நேர ஒழுங்கு ஆகியவற்றை உமது வட்டாரத்தில் நடைமுறைப்படுத்த எடுத்த நடவடிக்கை யாது? இரு வாரங்களுள் அறிக்கையிடுக." அதிகாரி எடுத்த நடவடிக்கை முதல் நான்கு நினைவூட்டல்களையும் பைலில் போட்டதுதான். அவர் கமீலாவைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார், நெடுநேரம் யோசித்தார்.

"அபூசாலி, நீர் செய்தது குற்றம்தான். ஆனால் இன்றிலிருந்து அந்தக் குற்றத்தைத் திணைக்களம் பொறுப்பேற்கிறது" என்றார்.

அடுத்த கிழமை மாட்டு வண்டியில் சாமான் வந்தது. ஒரு பெயர்ப்பலகை, ஒரு வரவு இடாப்பு, சம்பவத் திரட்டுப் புத்தகம் ஒன்று, இறப்பர் முத்திரை ஒன்று, பிள்ளை விலகும்போது எழுதிக் கொடுக்கிற விடுகைப் பத்திரப் படிவம் மூன்று. மணி வரவில்லை. அபூசாலி பழைய றிம் ஒன்றைத் தொங்கவிட்டு ஸ்பெனரால் அடிக்க வேண்டியதாயிற்று. நஸீறாவின் சீதன வீடு "அரசினர் வீட்டுப் பாடசாலை, மூன்றாம் வகை, தற்காலிகம்" ஆனது. குசினி மனையியல் கூடமானது. கிணற்றடி விஞ்ஞான ஆய்வு நிலையமானது. அபூசாலி வேதனமில்லாத அதிபரானான்.

திறப்பு விழாவில் அதிகாரி ஒரு மணி நேரம் பேசினார். "குழந்தை ஒரு பூ. பூவை மலரவிட வேண்டும். எப்போது மலர வேண்டும் என்பதை மட்டும் திணைக்களம் அறிவிக்கும்" என்றார். "இந்தக் கட்டடத்தில் கூரை இருக்கிறது. எமது வட்டாரத்தில் இது ஒரு மகத்தான சாதனை" என்றும் சொன்னார். கூரையை அமைத்தது நஸீறாவின் வாப்பா. அதைச் சொல்வதற்கு அவர் உயிரோடு இல்லை.

நெகிழ்வான நேரசூசி மூன்று பிரதிகளில் வந்தது. காலை எட்டு மணி முதல் எட்டு நாற்பது வரை சுயவிருப்பம். எட்டு நாற்பது முதல் ஒன்பது இருபது வரை நெகிழ்வு. ஒன்பது இருபது முதல் ஒன்பது முப்பது வரை வியப்பு. பிறகு இடைவேளை. நெகிழ்வு நேரத்தில் பிள்ளை மேசையை விட்டு எழும்பக் கூடாது என்று அடியில் சிவப்பு மையில் எழுதியிருந்தது.

அதுகூடப் பரவாயில்லை. பாடக்குறிப்புத்தான் அபூசாலியின் உயிரை எடுத்தது. குழந்தை தானாகக் கேட்கும் கேள்வியிலிருந்தே பாடம் தொடங்க வேண்டும் என்பது சுற்றுநிருபம். அதிபர்கள் அடுத்த மாதத்துப் பாடக்குறிப்பை இந்த மாதம் இருபத்தைந்தாம் திகதிக்குள் ஒப்படைக்க வேண்டும் என்பது இன்னொரு சுற்றுநிருபம். இரண்டையும் சேர்த்து அதிகாரி ஒரு படிவம் தயாரித்திருந்தார். அதன் தலைப்பு: "அடுத்த மாதம் பிள்ளைக்குத் தானாக எழவிருக்கும் கேள்விகள்." கிழமைக்கு நாலு. அதில் ஒன்று சமயம், ஒன்று விவசாயம், ஒன்று தேசிய ஒற்றுமை.

அபூசாலி கடையை அடைத்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொண்டு எழுதினான். "நெல் ஏன் முளைக்கிற?" என்று ஒன்று. "ஆடு ஏன் கத்துற?" என்று ஒன்று. கச்சிமுகம்மது அதைத் திருப்பிக் கொண்டு வந்தார். ஆட்டுக் கேள்விக்கு எதிரே அதிகாரி எழுதியிருந்தார்: "இது தானாக எழுந்ததாகத் தெரியவில்லை. விளக்கம் தருக."

ஒருநாள் பத்து மணியளவில் கமீலா மூச்சு வாங்க ஓடி வந்தாள். "வாப்பா! கடக்கரையில ஒரு நண்டு, அதுட ஓட்டைக் கழத்திப் போட்டுட்டு..."

"மகள், இப்ப வியப்பு நேரமில்ல. அது ஒம்பதரைக்கு முடிஞ்சி போச்சி. நாளைக்குச் சொல்லுகா" என்றான் அபூசாலி.

தன் வாயிலிருந்து அதிகாரியின் பேச்சு வந்ததை அவனே கேட்டான். ஆனால் கடை வாசலில் கச்சிமுகம்மது வரவு இடாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயத்தில் அபூசாலி றிம்மில் ஸ்பெனரால் ஒரு அடி அடித்தான். கமீலா மேசையில் போய் உட்கார்ந்தாள். நண்டைப் பற்றி மறுநாளும் சொல்லவில்லை.

பெற்றார் ஆசிரியர் சங்கக் கூட்டம் வைக்க வேண்டும் என்று அடுத்த கட்டளை வந்தது. தலைவர் அதிபர் அபூசாலி. செயலாளர் ஆசிரியர் அபூசாலி. பெற்றார் பக்கத்தில் திரு. அபூசாலி, திருமதி நஸீறா. அபூசாலி ஒரு வாங்கிலிருந்து எழும்பித் தன்னை வரவேற்றான், மறு வாங்கில் போய் உட்கார்ந்து தனக்கு நன்றி சொன்னான். பெற்றார் குறை கூற வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது.

"குறை சொல்லுங்க தங்கச்சி. சனநாயகம் என்றால் குறை இருக்க வேண்டும்" என்றார் அதிகாரி.

நஸீறா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னாள்: "மூணு நாளா தேங்கா வாங்கித் தரச் சொல்லிச் சொல்லுறன். அதிபருக்குக் காதே கேக்குதில்ல சேர்."

"பாடசாலைக்கும் சமூகத்துக்குமிடையே தொடர்பாடல் மேம்பட வேண்டும்" என்று கச்சிமுகம்மது எழுதிக்கொண்டார். கூட்டம் சோக்காக நடந்தது என்று அதிகாரி மெச்சிவிட்டுப் போனார். அன்றும் வீட்டில் தேங்காய் இல்லை.

இதையெல்லாம் அபூசாலி பொறுத்துக்கொண்டிருப்பான். பொறுக்க முடியாத ஒன்று வேறு நடந்தது. கமீலா கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டாள். மணி அடித்தால் உட்கார்ந்தாள், மணி அடித்தால் எழும்பினாள். சைக்கிள் குண்டுகளைத் தொடவில்லை. கடற்கரைக்குப் போகவில்லை. படிப்பதற்கு வேறொன்றும் இல்லாததால் திணைக்களத்துச் சுற்றுநிருபங்களை வாசித்துக்கொண்டிருந்தாள். "கம்பிக் கணக்கு என்னாச்சி மகள்?" என்று கேட்டால், "அது தெரியா வாப்பா" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தாள். அபூசாலிக்கு அழுகையே வந்தது. சம்பவத் திரட்டில், "இரண்டு கிழமையாகப் பிள்ளை கேள்வி கேட்கவில்லை" என்று எழுதி வைத்தான். அதிகாரி வந்து வாசித்தார். பக்கத்தில் சிவப்பு மையில், "ஒழுக்கத்தில் பாராட்டத்தக்க முன்னேற்றம்" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

முன்னேற்றத்துக்குப் பரிசாகத்தான் போலும், மார்கழி முதலாம் திகதி பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. அபூசாலி கிறீஸ் கையோடு நின்றதால் நஸீறா உடைத்து வாசித்தாள்.

"தாங்கள் தங்களது தற்போதைய வீட்டில் தொடர்ச்சியாகப் பதினொரு வருடம் சேவையாற்றியுள்ளமை தெரிய வருகிறது. ஒரே இடத்தில் எட்டு வருடத்துக்கு மேல் எவரும் சேவையாற்ற இயலாது. ஆகவே தை முதலாம் திகதி தொடக்கம், அதிபரில்லாமல் இயங்கும் நிந்தவூர் முனவ்வறா என்பவரின் வீட்டுக்கு இடமாற்றம் செய்யப்படுகிறீர்கள். அங்கேயே தங்கியிருந்து கடமையாற்ற வேண்டும்."

நஸீறா இன்னொரு தரம் வாசித்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "ஆரு இந்த முனவ்வறா?"

"அல்லாஹ் அறிய எனக்குத் தெரியாது புள்ள!"

ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நிந்தவூர் முனவ்வறா புருசன் மௌத்தானவள், முப்பது வயது, சொந்தக் கல்வீடு, இரண்டு பிள்ளைகளை வீட்டில் வைத்துத் தானே படிப்பிக்கிறாள். நம்முடைய பக்கத்தில் ஆம்பிளைகள்தான் கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போய் இருப்பார்கள். ஒரு மாப்பிள்ளை ஒரு வீட்டை விட்டு இன்னொருத்தியின் வீட்டுக்குப் பெட்டியோடு போனால் அதற்கு ஊரில் ஒரே ஒரு பெயர்தான் உண்டு. பின்னேரத்துக்குள் பள்ளிவாசல் முன்றலில் மூன்று பேர் அபூசாலியின் கையைப் பிடித்து முபாறக் சொல்லிவிட்டார்கள்.

"இது இடமாற்றமில்ல, கலியாணக் காவின் கடுதாசி!" என்று நஸீறா முக்காட்டை இறுக்கிக்கொண்டு கிளம்பினாள். அபூசாலி பின்னால் ஓடினான். காரியாலயத்தில் அதிகாரி ஷரிபுதீன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சேர், அது என்ட வீடு. என்ட வாப்பா எனக்குச் சீதனமாத் தந்த வீடு. இவரு என்ட புருசன். இவர எப்பிடி நீங்க இன்னொருத்திட வீட்டுக்கு அனுப்புவீங்க?"

அதிகாரி கோப்பையை வைத்தார். "கட்டடம் உங்களுடையதுதான், தங்கச்சி. அதிபர் திணைக்களத்துக்குச் சொந்தம்" என்றார். "ஒருவர் ஒரே வீட்டில் பதினொரு வருடம் இருந்தால் என்ன ஆகும்? பற்று உண்டாகும். பற்று உண்டானால் பாரபட்சம் உண்டாகும். இந்த மனுசன் தன் மாணவியைத் தன் சொந்தப் பிள்ளையைப் போலப் பார்க்கிறார் என்று எனக்கு முறைப்பாடு வந்திருக்கிறது. அங்கே புது அதிபரை அனுப்புவோம். கவலைப்படாதீர்கள்."

"என்ட வீட்டுக்குப் புது ஆம்பிளயா?" என்றாள் நஸீறா. வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அழுதாள். அபூசாலியும் அழுதான், இரண்டடி பின்னால் வந்து.

பகல் சோறு ஆறிக் கிடந்தது. ஒருவரும் தொடவில்லை. கமீலா சுற்றுநிருபக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்து வாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வாப்பா, இதில எழுதிக் கிடக்கு. மாணவர் இல்லாத பாடசாலைய உடனே மூட வேணும். மூடின பாடசாலைக்கு அதிபர் இல்ல. அதிபர் இல்லாட்டி இடமாற்றமும் இல்லதானே?"

"மாணவர் இரிக்கே மகள். நீ இரிக்காயே."

"நான் விலகினா?"

அபூசாலி மகளைப் பார்த்தான். "விலகினா நீ பழைய பள்ளிக்கூடத்துக்குப் போகோணும்கா. இல்லாட்டி உடமாட்டாங்க. அங்க இன்னும் கூரையுமில்ல. டீச்சர் காகம் கறுப்பு எண்டு சொல்லுவா. வெயிலில முழங்காலில வைப்பா."

"சொன்னா சொல்லட்டும் வாப்பா. காகம் அங்கதானே இரிக்கும்" என்றாள் கமீலா. "நீங்க நிந்தவூருக்குப் போக வேணாம்."

அபூசாலி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். பிறகு அலுமாரியிலிருந்து விடுகைப் பத்திரப் படிவம் ஒன்றை எடுத்தான். அதிபராக இருந்த காலத்தில் அவன் விருப்பத்தோடு எழுதிய ஒரே எழுத்து அதுதான். மாணவர் பெயர்: அபூசாலி கமீலா. கற்ற பாடங்கள்: சைக்கிள், கடல், பத்திரிகை. நடத்தை: தங்கம். விலகும் காரணம்: அதிபரைக் காப்பாற்றுவதற்காக.

முத்திரையைக் குத்தி ஊதிக் காயவைத்தான்.

அதிகாரி பத்திரத்தைப் புரட்டிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முத்திரை சரி, கையெழுத்துச் சரி, திகதி சரி. காரணம் என்ற இடத்தில் காரணம் எழுதப்பட்டிருந்தது. அது நல்ல காரணமாக இருக்க வேண்டும் என்று எந்தச் சுற்றுநிருபத்திலும் இல்லை. கச்சிமுகம்மது தேடிப் பார்த்துவிட்டு, "இல்லத்தான் சேர்" என்றார். மூன்றாம் நாள் வீட்டுப் பாடசாலை மூடப்பட்டது. இடமாற்றம் தானாகவே செத்துப்போனது. நிந்தவூரில் முனவ்வறா நன்றிக்கு இரண்டு றக்அத் தொழுததாகக் கேள்வி. அதிகாரி கொழும்புக்கு எழுதினார்: "திட்டம் பூரண வெற்றி. பிள்ளை தன் சுயவிருப்பத்தின்படி பாடசாலைக்கே வந்து சேர்ந்துவிட்டது." கொழும்பிலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

தை மாதம் பாதியில், பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டு போவதற்கு அதிகாரியும் கச்சிமுகம்மதும் மறுபடி சைக்கிளில் வந்தார்கள். வரும்போதே சைக்கிள் பின்பக்கம் குடிகாரனைப் போல ஆடிக்கொண்டு வந்தது. கடை வாசலில் பட்டென்று ஒரு சத்தம், பிறகு வரிசையாக நாலைந்து சத்தம். பின் சில்லில் ஆறு கம்பி அறுந்திருந்தது. கச்சிமுகம்மது பைல் கட்டோடு கீழே குந்தியிருந்தார்.

கமீலா அப்போதுதான் பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்தாள். வெள்ளைச் சட்டையோடு சைக்கிளுக்குப் பக்கத்தில் குந்தினாள். அறுந்த கம்பிகளைத் தொட்டுப் பார்த்தாள். முன் சில்லைச் சுற்றிவிட்டாள். அதில் ஒரு கம்பிக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"நீங்க எப்பவும் பின்னாலயா இருந்து வாற?" என்று கச்சிமுகம்மதுவைக் கேட்டாள்.

"ஓம் மகள். ஜீப் இருந்த காலத்திலயும் பின்னாலதான், பதினாறு வரிசமா."

"பைலெல்லாம் உங்கட மடியிலயா?"

"ஓம் மகள்."

கமீலா துள்ளி எழும்பினாள். "வாப்பா! பாரமெல்லாம் பின்னாலதான்! அதுதான் பின்னுக்கு நாப்பது! முன்னுக்கு முப்பத்திரண்டு காணும் வாப்பா!"

கச்சிமுகம்மது நிலத்தில் இருந்தபடியே சிரிக்கத் தொடங்கினார். பதினாறு வருடச் சிரிப்பு. பைல்கள் குலுங்கின. அதிகாரிக்கு முகம் சிவந்தது. "இது எந்த மாதத்துப் படிவத்தில் இருந்த கேள்வி?" என்று கேட்டார்.

"சேர், சைக்கிள் நாளைக்குத்தான் கிடைக்கும். இண்டைக்கு அதுக்கு நெகிழ்வு" என்றான் அபூசாலி.

அதிகாரியும் எழுதுவினைஞரும் பெயர்ப்பலகையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு பெரிய றோட்டால் நடந்து போனார்கள். கமீலா வாசலில் நின்று அவர்கள் வளைவில் மறையும்வரை பார்த்தாள். நாலு மாதத்துக்குப் பிறகு அவளுடைய நெற்றியில், கேள்வி வருமுன் விழுகிற அந்தப் பழைய சுருக்கம் விழுந்தது. அபூசாலி அதைக் கண்டு ஸ்பெனரைக் கீழே வைத்தான்.

"வாப்பா, அவங்களுக்கு விடுகைப் பத்திரம் ஆரு குடுக்கிற?"

அபூசாலி கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் அலுமாரியைத் திறந்து பார்த்தான். படிவம் இரண்டு மிச்சமிருந்தது.